உப்பைத் தின்ற பவளம்

பவளம் என்றதும் உங்களுக்கு மோதிரம்தான் ஞாபகம் வரும். செவ்வாய் சரியில்லை என்று ஜோசியர் சொல்லிவிட, வெள்ளியில் கட்டிப் போட்டுக்கொண்டு, இன்க்ரிமென்ட் வருகிறதா என்று விரலையும் பே-ஸ்லிப்பையும் மாற்றி மாற்றிப் பார்ப்போமே, அந்தச் சிவப்புக் கல். உண்மையில் அது கல்லே இல்லை சார். மத்தியதரைக் கடலில் வாழும் ஒரு பிராணியின் எலும்புக்கூடு. செத்துப்போன ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு, 'நீ என்னைக் காப்பாற்று' என்று கேட்கிறோம். அது என்ன செய்யும், பாவம்!

இந்த வாரம் நான் சொல்லப் போவது உயிரோடு இருக்கும் பவளத்தைப் பற்றி. அதைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு. மோதிரத்தை விட இதற்குச் செலவு ஜாஸ்தி, தூக்கம் கம்மி.

உயிருள்ள பவளம் பார்க்கச் செடி மாதிரி இருக்கும். ஆனால் பிராணி. சின்னச் சின்ன வாய், வாயைச் சுற்றி விரல்கள், அடியில் தானே கட்டிக்கொண்ட சுண்ணாம்பு வீடு. சதைக்குள் நுண்ணிய பாசிகளைக் குடிவைத்திருக்கும். அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைத்துக் கொடுக்கும் சர்க்கரைதான் வீட்டுக்காரருக்கு முக்கியமான சாப்பாடு. குடித்தனக்காரன் சமைத்துப் போட்டு வீட்டுக்காரன் சாப்பிடுகிற ஏற்பாடு உலகத்திலேயே இங்கே ஒன்றுதான் ஒழுங்காக நடக்கிறது. வெயில் ஏறிக் கடல் சூடானால் சண்டை வந்துவிடும். பாசி வெளியேறும், பவளம் வெளுத்துப்போகும்.

இப்படி ஒரு பிராணியை என் அத்தான் சிங்கப்பூரில், ஜூரோங் பக்கத்தில், ஒன்பதாவது மாடி ஹாலில் வைத்திருக்கிறார். அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் லீவில் போயிருந்தேன். ஏர்போர்ட்டில் இறங்கியதும் 'சாப்பிட்டியா?' என்று கேட்கவில்லை. "மாப்ளே, நீ பி.காம்தானே? ஒரு கணக்கு டேலி ஆக மாட்டேங்குது" என்றார். சம்பளக் கணக்கோ என்று பயந்துவிட்டேன்.

தொட்டிக் கணக்கு.

நூற்றைம்பது லிட்டர் உப்புத் தண்ணீர். அதில் இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் பாறை, நடுவில் மூன்று தலை உள்ள ஒரு சுத்தியல் பவளம். விரல் நுனியெல்லாம் குட்டிக் குட்டிச் சுத்தியலாக இருக்கும். தண்ணீர் ஓடும்போது காற்றில் நெல் வயல் ஆடுகிற மாதிரி ஆடும். விலை 80 வெள்ளி. (சிங்கப்பூரில் டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். தங்கம் போல் செலவாகிறது என்பது வேறு விஷயம்.) அக்கா மகளுக்குப் பத்து வயசு. பவளத்துக்கு 'சுத்தி' என்று பெயர் வைத்து, ஸ்கூல் விட்டு வந்ததும் தினமும் ஒரு நோட்டில் அதைப் படம் வரைவாள்.

நான் போனபோது சுத்தி ஆடவில்லை. மூன்று தலையும் கூட்டுக்குள் சுருங்கி, மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி உம்மென்று கிடந்தது. ஒரு தலையின் ஓரத்தில் சதை விலகி வெள்ளை எலும்பு தெரிந்தது. பாப்பா நோட்டை மூடி வைத்துவிட்டாள். என்னிடம் வந்து மெதுவாக, "மாமா, சுத்தி செத்துடுமா?" என்று கேட்டாள்.

ஆடிட் ஆரம்பமாயிற்று.

அத்தான் சும்மா இருக்கவில்லை. பவளம் சுருங்க ஆரம்பித்ததும் வெளிச்சம் போதவில்லை என்று மேல் தட்டுக்கு மாற்றினார். மறுநாள் வெளிச்சம் ஜாஸ்தி என்று கீழே இறக்கினார். பிறகு ஓரத்துக்கு. இரண்டு வாரத்தில் மூன்று டிரான்ஸ்ஃபர்! அரசாங்க உத்தியோகஸ்தருக்கே தாங்காது, அது எலும்பும் தோலுமான பிராணி. புது விளக்கு வாங்கினார். பவளத்துக்கு டானிக் என்று மூன்று பாட்டில் வாங்கினார். அயோடின் தண்ணீரில் ஒரு முழுக்குப் போட்டார்.

"தினமும் ஏதாவது பண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன் மாப்ளே!"

"அதான் பிரச்னை" என்றாள் அக்கா சமையலறையிலிருந்து.

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. ஒரே நாளில் நாலு மாற்றம் செய்தால், தேறினாலும் எதனால் தேறியது என்று தெரியாது. படுத்தாலும் எதனால் படுத்தது என்று தெரியாது. நம் ஆபீஸில் கணக்கு உதைக்கும்போது நாலு பேர் நாலு பக்கம் திருத்தி, கடைசியில் பழைய தப்பே தேவலை என்று ஆகுமே, அந்தக் கதி.

பவளம் படுத்தால் வழக்கமான சந்தேகப் பேர்வழிகள் ஏழெட்டுப் பேர்தான். ஒவ்வொருவராக விசாரித்தோம்.

முதலில் தொட்டியின் வயசு. புதுத் தொட்டியில் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க இன்னொரு பாக்டீரியா. இந்த இரண்டு குமாஸ்தாக்களும் வேலைக்குச் சேர்ந்து சீட்டில் உட்காரவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பவளத்தை விட்டவர்கள்தான் பெரும்பாலும் கண்ணைக் கசக்குகிறவர்கள். அத்தான் இரண்டு மாசம் காத்திருந்து வாங்கியிருந்தார். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். விடுதலை.

அடுத்தது சூடு. 24-லிருந்து 27 டிகிரி வரை பரவாயில்லை. தெர்மாமீட்டர் 26 காட்டியது. விடுதலை.

வெளிச்சம்? வெளிச்சமோ சூடோ மிஞ்சினால் பெரும்பாலும் முதலில் நிறம் போகும், ஏனென்றால் குடித்தனக்காரப் பாசி காலி செய்துவிடும். சுத்திக்கு நிறம் அப்படியே இருந்தது, உடம்புதான் சுருங்கியிருந்தது. ஆகவே வெளிச்சத்தின் மேல் கேஸ் நிற்காது.

நீரோட்டம்? சுத்தியல் பவளத்துக்குத் தாலாட்டு வேண்டும், அறை கூடாது. பம்ப் நேராக முகத்தில் அடித்தால் சதை கிழிந்துவிடும். இங்கே பம்ப் எதிர்ச் சுவரைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுச் சண்டை? பவளங்கள் ராத்திரியில் நீளமான கொடுக்கு நீட்டி அடுத்தவனைக் கொட்டும். நம்மூர் வரப்புச் சண்டை தோற்றது போங்கள். ஆனால் சுத்திக்கு அக்கம் பக்கத்தில் ஆளே இல்லை.

பசி? தண்ணீர் ரொம்பச் சுத்தமாகி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமானாலும் பவளம் இளைக்கும். சுத்தம் சோறு போடும் என்பது இங்கே செல்லாது. இவர் தொட்டியில் நைட்ரேட் 5 இருந்தது. போதும்.

பழுப்பு நிறத்தில் கூழ் மாதிரி அழுகல் ஏதாவது? இல்லை.

கடைசியாக உப்பு. "அதெல்லாம் பெர்ஃபெக்ட் மாப்ளே" என்று ஹைட்ரோமீட்டரைத் தூக்கிக் காட்டினார். பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு முள். தண்ணீரை மொண்டால் முள் மிதந்து உப்பின் அடர்த்தியைச் சொல்லும். கடல் தண்ணீருக்கு 1.025, 1.026 இருக்க வேண்டும். முள் சமர்த்தாக 1.026-ல் நின்றது.

எல்லாரும் நிரபராதி. பவளம் மட்டும் செத்துக்கொண்டிருக்கிறது.

பி.காம் படித்தவர்களுக்கு முதல் வருஷத்திலேயே ஒரு பாடம் உண்டு. டிரையல் பாலன்ஸ் டேலி ஆகிவிட்டது என்பதாலேயே கணக்கு சரி என்று அர்த்தமில்லை. இரண்டு தப்பு ஒன்றை ஒன்று சரிக்கட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். பரீட்சையில் ஐந்து மார்க்குக்குக் கேட்பார்கள். ஜூரோங்கில் கேட்பார்கள் என்று யார் கண்டது!

"டெஸ்ட் பண்ணின நம்பர் எல்லாம் எழுதி வெச்சிருக்கீங்களா அத்தான்?"

காலண்டர் பின்பக்கத்தில் இருந்தது. கால்சியம் 495. மெக்னீசியம் 1540. காரத்தன்மை டி.கே.எச். கணக்கில் 9.5. எல்லாம் கொஞ்சம் தூக்கல்தான். ஆளைக் கொல்லும் அளவில்லை. உப்பு மூட்டையின் மேல் அச்சடித்திருந்ததைப் பார்த்தேன். சரியான அளவில் கரைத்தால் கால்சியம் 420, மெக்னீசியம் 1300, காரத்தன்மை 8.

கால்குலேட்டரைத் தட்டினால், மூன்றும் 18-லிருந்து 19 சதவீதம் கூட. ஜி.எஸ்.டி. போட்ட மாதிரி ஒரே சீராக!

ஒரு கணக்கு மட்டும் ஏறியிருந்தால் யாரோ அதில் பணம் போட்டிருக்கிறார்கள். மூன்று கணக்கும் ஒரே சதவீதத்தில் ஏறியிருந்தால்? தண்ணீரே கெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். அதாவது உப்பு கூட. ஆனால் ஹைட்ரோமீட்டர் இல்லை என்கிறதே?

"பாப்பா, உன் நோட்டைக் கொண்டா."

குழந்தை தேதி போட்டு வரைந்திருந்தாள். (தேதி போடும் பழக்கம் அவள் அப்பா வழியில் வந்ததாகத் தெரியவில்லை.) முதல் இரண்டு வாரம் சுத்தி பக்கம் நிறைய விரித்துக்கொண்டு ஆடுகிறது. பிறகு ஒரு நாளைக்கு ஒரு பிடி குறைகிறது. திடீரென்று விழவில்லை, மாசக் கடைசிச் சம்பளம் மாதிரி படிப்படியாக. தினமும் ஏதோ கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருக்கிறது என்று நோட்டு சொல்லிற்று.

அடுத்து அத்தானின் மீன் கடை பில்களை வாங்கித் தேதிவாரியாக அடுக்கினேன். விளக்கு, டானிக், அயோடின் எல்லாம் சுருங்கினதற்கு அப்புறம் வாங்கியவை. அவையெல்லாம் வைத்தியம், வியாதி இல்லை. சுருங்குவதற்கு முதல் நாள் தேதியில் ஒரே ஒரு பில்தான் இருந்தது. தண்ணீர் குறைந்தால் தானே ஊற்றிக்கொள்ளும் ஆட்டோமேடிக் மெஷின்.

"அதுக்கு எந்தத் தண்ணி ஊத்தினீங்க?"

"தொட்டித் தண்ணி மாத்தறதுக்குன்னு முப்பது லிட்டர் கடல் தண்ணி கரைச்சு வெச்சிருந்தேன். இப்ப தண்ணி மாத்திப் பவளத்தைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன். வீணாப் போகக்கூடாதேன்னு அந்த டிரம்மை மெஷினுக்குக் குடுத்தேன். கடல் தொட்டிக்குக் கடல் தண்ணிதானே மாப்ளே?"

அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். "அது வரைக்கும் நான் தினமும் ரெண்டு லிட்டர் ஃபில்டர் தண்ணிதானே ஊத்திட்டு இருந்தேன்? ரசம் சுண்டினா உப்புத் தண்ணியா விடுவாங்க? வெறும் தண்ணிதானே விடுவாங்க?"

அவ்வளவுதான் சார், கேஸ் முடிந்தது. நீதிபதி கையில் சுத்தியலுக்குப் பதிலாகக் கரண்டி.

ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகவே குறைந்த இடத்தில் ஊற்ற வேண்டியது உப்பில்லாத, வடிகட்டிய தண்ணீர். கணக்குப் பாருங்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பு வீதம் 150 லிட்டரில் ஐந்தேகால் கிலோ. தினமும் 2 லிட்டர் உப்புத் தண்ணீர் என்றால் 70 கிராம் கூடுதல் உப்பு. இரண்டு வாரத்தில் 980 கிராம். இப்போது லிட்டருக்கு நாற்பத்தொன்றரை கிராம். 18 சதவீதத்துக்குச் சற்றே மேல். டேலி! மனுஷன் கையால் ஊற்றியிருந்தால் ஒரு நாளாவது மறந்திருப்பான். மெஷின் தப்பை ஒரு நாள் கூட லீவு போடாமல் செய்துவிட்டது.

சரி, ஹைட்ரோமீட்டர் ஏன் பொய் சொன்னது? அதைக் கழுவும் வழக்கமே இல்லை. அளந்து அப்படியே வைத்து, காய்ந்து, முள்ளின் மேல் உப்புப் படிந்துவிட்டது. கனம் கூடினால் முள் தாழும். உப்பைக் குறைத்துக் காட்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே, உப்பை வேவு பார்க்க அனுப்பிய ஆள் உப்பைத் தின்றுவிட்டு அதற்கே விசுவாசமாகிவிட்டான்! வினிகரில் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி, மறுபடி மொண்டோம். முள் ஜிவ்வென்று ஏறி 1.031-ல் நின்றது. மீன் கடையில் வேறு கருவியில் பார்த்தார்கள். அதுவும் அதையே சொன்னது.

உப்பு ஏறினால் பவளம் ஏன் சுருங்குகிறது? நார்த்தங்காயை உப்பில் போட்டால் என்ன ஆகிறது? உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போய்ச் சுருங்குகிறது. நம்மைப் போல உடம்புக்குள் உப்பைச் சரிக்கட்டிக்கொள்ளும் வசதி பவளத்துக்குக் கிடையாது. வெளியே என்னவோ அதுவே உள்ளேயும். செங்கடலில் உப்பு லிட்டருக்கு 40 கிராம் வரை உண்டு, அங்கேயும் பவளம் கொழிக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது பரம்பரை பரம்பரையாக அங்கேயே பிறந்து வளர்ந்த ஜாதி. இந்தோனேஷியாவிலிருந்து வந்ததை இரண்டு வாரத்தில் செங்கடல் பிரஜை ஆக்க முடியாது.

"அப்ப உடனே நாலு பக்கெட் நல்ல தண்ணி ஊத்திடலாமா?" என்று அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

இங்கேதான் நிறையப் பேர் இரண்டாம் தடவை கொல்லுகிறார்கள். மெதுவாக ஏறியதை மெதுவாகத்தான் இறக்க வேண்டும். அம்மோனியா, கொதிக்கிற சூடு இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான் ஓட வேண்டும். உப்பை ஒரு நாளைக்கு லிட்டருக்கு ஒரு கிராம் குறைத்தால் போதும். தினமும் ஏறக்குறைய நாலு லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு நல்ல தண்ணீர். மெஷினுக்கும் இனி நல்ல தண்ணீர்தான். ஒரு வாரத்தில் 35-க்கு வந்துவிடும். அது வரை பவளத்தை இடம் மாற்றக் கூடாது, விளக்கைத் தொடக் கூடாது, டானிக் பாட்டிலை அக்கா பீரோவில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால் மடக் மடக்கென்று இல்லை, வாய் வாயாக.

அத்தானுக்கு அந்த ஒரு வாரம் கை நமநமவென்று அரித்தது. தொட்டிப் பக்கம் போவார்; பாப்பா நோட்டோடு காவலுக்கு உட்கார்ந்திருப்பாள்; திரும்பி வந்துவிடுவார். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. (எங்கள் பழைய ஆபீஸில் இதில் விற்பன்னர்கள் இருந்தார்கள்.)

நான் ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்துப் பாப்பாவின் படம் போனில் வந்தது. மூன்று தலையில் இரண்டு நன்றாக விரிந்திருந்தது. மூன்றாவது பிழைக்கவில்லை. அதையும் விடாமல் வெள்ளையாக, பொந்தோடு, பக்கத்திலேயே வரைந்து தேதி போட்டிருந்தாள். வரவை மட்டும் எழுதிச் செலவை மறைக்காத கணக்கு. இந்த வயசில் இது வந்துவிட்டால் பெரிய ஆடிட்டராக வருவாள்.

இதைப் படித்துவிட்டுக் கொளத்தூர் மீன் மார்க்கெட்டுக்கு பஸ் ஏறப் போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நன்னீர்த் தொட்டி வாங்கினாலும் மேற்படி பாடங்கள் பொருந்தும். குமாஸ்தா பாக்டீரியாக்களுக்கு ஒரு மாசம் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். தேதி போட்டு எழுதுங்கள். எல்லா நம்பரும் சரியாக இருந்தும் உயிர் வாடினால், முதலில் தராசைச் சந்தேகப்படுங்கள்.

ஆனால் பவளம் மட்டும் கேட்காதீர்கள். சிங்கப்பூரில் முறையாக அனுமதி பெற்று இறக்குமதியான பவளத்தைக் கடையில் வாங்கலாம். இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் பக்கத்துச் சீட்டில் இருக்கின்றன. உயிரோடு வைத்திருந்தாலும் குற்றம், காய்ந்த துண்டை விற்றாலும் குற்றம்.

காரணம் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். 1986-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. அதற்கு முன்பு சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். அலை தடுக்க ஆளில்லாமல் இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. மிச்சம் இருந்ததைச் சூடு பிடித்துக்கொண்டது. 2010-லும் 2016-லும் பெருமளவில் வெளுத்தது. அந்தத் தொட்டிக்குத் தினமும் நாலு லிட்டர் மாற்றி ஊற்ற அக்காவாலும் முடியாது.

அடுத்த தடவை கடற்கரையில் யாராவது வெள்ளை வெளேரென்று அழகான பவளத் துண்டை, 'சோகேஸ்ல வைக்கலாம் சார்' என்று நீட்டினால், வாங்காமல் வந்துவிடுங்கள். பாப்பா வரைந்தாளே, அந்த மூன்றாவது தலை, அதுதான் அது.